கீரை அவித்த தண்ணீர்

எங்கள் குசினி மேசைக்கு வெள்ளைப் பாண் முதன்முதலாக வந்த அந்தச் சனிக்கிழமை இன்றைக்கும் கண்ணுக்குள் நிற்கிறது. பையைக்கூடக் கழற்றாமல் அதை மேசை நடுவில் வைத்துவிட்டு நான் தேத்தண்ணீர் போடப் போனேன். மாமா கதிரையை இழுத்து எதிரே அமர்ந்தார். அழையாமல் வீட்டுக்குள் வந்துவிட்ட ஒருவரைப் பார்ப்பது போல அதைப் பார்த்தார், ஆனால் தொடவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். "இனி இதைத்தானோ பிள்ளை நான் தின்ன வேணும்?" என்று கேட்டார். ஓம் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. இல்லையென்று சொல்லவும் வழியில்லை. சீனி போடாமலே தேத்தண்ணீரை நெடுநேரம் ஆற்றிக்கொண்டு நின்றேன்.

மாமா என்றால் என் கணவரின் தகப்பனார். இலங்கையில் சுகாதாரப் பரிசோதகராக வேலை பார்த்தவர். மாமி காலமான பிறகு இந்த வெளிநாட்டுக்கு, கிரவீனில் எங்களோடு இருக்க வந்தார். அவர் ஓய்வுபெற்றிருந்தாலும் அந்த உத்தியோகம் அவரை விட்டு ஓய்வுபெறவில்லை. மெரிலேண்ட்ஸ் கடைகளுக்குக் கூட்டிப்போனால் ஒவ்வொரு பைக்கற்றையும் திருப்பி, பின்பக்கத்துச் சின்ன எழுத்துகளை வாசித்துவிட்டுத்தான் கீழே வைப்பார். சில வேளை கடைக்காரருக்கே அதை விளக்கப்படுத்துவார். அப்படியான நேரங்களில் நான் வேறு யாரோ ஒருவரின் மருமகள் என்பது போல அடுத்த தட்டுப் பக்கம் நகர்ந்து விடுவேன். வீட்டில் சிவப்பரிசி, குரக்கன் பிட்டு, பருப்பு, ஏதாவதொரு கீரை. கீரை அவித்த தண்ணீரை ஊற்றக் கூடாது என்பது அவருடைய முதல் சட்டம். ஊரில் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய்த் தாய்மாரை இருத்திவைத்து இதைத்தான் சொன்னாராம். "கீரை அவிச்ச தண்ணியை ஊத்திறவை கீரையைத்தான் ஊத்தினம்" என்பார். அந்தத் தண்ணீரில் மிளகுத்தூள் தூவி, தேசிக்காய் பிழிந்து, எங்கள் எல்லோருக்கும் ஆளுக்கொரு கோப்பை தருவார். அவர் வந்த புதிதில் எனக்கு இது பெரிய எரிச்சல். பிறகு எப்படியோ அவரைவிடப் பெரிய பக்தையாகிவிட்டேன். அலுவலகத்தில் யாராவது வெள்ளைப் பாணில் சாண்ட்விச் சாப்பிட்டால் மனதுக்குள் அவருக்காக இரங்குவேன்.

அப்படி வாழ்ந்த மனிதருக்குத்தான் சிறுநீரகம் பழுதாகிக்கொண்டு வந்தது. நெடுநாளாக இருந்த இரத்த அழுத்தம்தான் காரணம் என்று வைத்தியர் சொன்னார். எங்களை உணவு ஆலோசகர் ஒருவரிடம் அனுப்பினார்கள். தமிழ்நாட்டிலிருந்து வந்த இளம்பெண், பொறுமையாகப் பேசுவார். மாமா என்ன சாப்பிடுகிறார் என்று கேட்டார். நான் பெருமையோடு ஒவ்வொன்றாகச் சொன்னேன். சொல்லச் சொல்ல அவருடைய முகம் மாறிக்கொண்டு போனது.

"குரக்கன், அதான் கேழ்வரகு, வேண்டாங்க. சிவப்பரிசியும் வேண்டாம், வெள்ளையரிசியே குடுங்க. வாழைப்பழம், இளநீர், தக்காளி எல்லாம் நிறுத்திடுங்க. பாண்னு சொல்றீங்கள்ல, அந்த பிரெட்டு வெள்ளையாவே இருக்கட்டும்."

"கீரை?" என்று மாமா கேட்டார்.

"எப்பவாவது கொஞ்சம், ஐயா. நிறையத் தண்ணியில அவிச்சு, அந்தத் தண்ணியக் கொட்டிடணும். பொட்டாசியம் எல்லாம் அதுலதான் இறங்கும். உங்க கிட்னியால அத வெளியேத்த முடியல. இரத்தத்துல கூடிட்டா இதயமே நின்னுரும்."

மாமா ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும் வழி முழுவதும் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். காரை ஓட்டியபடியே யோசித்தேன். நல்லதென்று நினைத்து நான் அவருக்குப் போட்ட சாப்பாடு எல்லாம் இனிமேல் நஞ்சு. கெட்டதென்று ஒதுக்கியதெல்லாம் மருந்து. இரண்டும் ஒரே குசினியில், ஒரே அடுப்பில். பிள்ளைகளுக்கு இனி எதைச் சொல்லிக் கீரையைத் தீத்துவது?

மாமா சுகமில்லாமல் இருக்கிறார் என்று தெரிந்ததும் எங்கள் சனம் வெறுங்கையோடு வருமா? வருத்தக்காரனைப் பார்க்க வரும்போது சத்தான சாப்பாடு கொண்டுவருவதுதானே எங்கள் வழக்கம். மூலைவீட்டு அன்ரி தன் வளவு மரத்து முருங்கையிலையை வறுத்துக்கொண்டு வந்தார். ஒருவர் குரக்கன் கஞ்சி, ஒருவர் இளநீர், ஒருவர் வல்லாரைச் சம்பல். எல்லாவற்றையும் சிரித்த முகத்தோடு வாங்கி வைத்தேன். நாங்கள் தின்று தீர்த்தோம். மாமாவுக்கு முன்னால் இருந்ததோ பாணும் பட்டரும். அதை அன்ரி நன்றாகப் பார்த்துவிட்டார்.

"வயசான மனுசனுக்குப் பாணே குடுக்கிறியள்?" என்றார். "வேலைக்குப் போற பிள்ளை, நேரமும் இல்லைத்தானே."

நான் விளக்க வாயெடுத்தேன். மாமா ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவர் பாணைத் துண்டு துண்டாகப் பிய்த்துக்கொண்டிருந்தார். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. ஊருக்கெல்லாம் விளக்கம் சொன்ன மனிதர் எனக்காக ஒரு விளக்கம் சொல்லக் கூடாதா? வெட்கமா, சோர்வா, அல்லது அவரும் அன்ரியின் பக்கந்தானா என்று எனக்கு விளங்கவில்லை.

அவருக்கு இருந்த ஒரே ஆறுதல் எப்போதாவது கிடைக்கும் கீரையும் உருளைக்கிழங்கும்தான். ஆலோசகர் சொன்னபடியே கிழங்கைச் சின்னதாக வெட்டி, ஊறவைத்து, நிறையத் தண்ணீரில் அவித்து வடிப்பேன். காலையில் வேலைக்குப் போகுமுன் இதுவே பெரிய வேலை. முதல்நாள் நான் சட்டியைத் தூக்கிக்கொண்டு சிங்க்குக்குப் போனபோது மாமா ஓடிவந்தார்.

"உதுக்குள்ள ஊத்தாதை பிள்ளை. அந்தப் பேசினுக்குள்ள வடிச்சு வை. ஆறினாப் பிறகு நான் கறிவேப்பிலைக்கு ஊத்திறன்."

எனக்கும் அது நல்ல யோசனையாகப் பட்டது. மனிதர் எப்படியோ ஒரு சமாதானத்துக்கு வந்துவிட்டார் என்று மகிழ்ந்தேன்.

ஆனால் இரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் ஏறியிருந்தது. அடுத்த முறை இன்னும் ஏறியது. டயலிசிஸை முன்கூட்டியே தொடங்க வேண்டி வரும் என்றார்கள். இதயத்தைப் பற்றித் திரும்பவும் எச்சரித்தார்கள். "நீர் என்னதான் சமைக்கிறீர்?" என்று என் கணவர் கேட்டார். கேட்ட விதம் மெதுவானதுதான், ஆனாலும் சுட்டது. நான் மேலும் கவனமானேன். எல்லா மரக்கறியையும் அவித்து வடித்தேன். கீரையை ருசியே இல்லாத பச்சைக் கந்தலாக ஆக்கினேன். எவ்வளவு கவனமோ அவ்வளவுக்குக் கணக்கு ஏறியது. எனக்குப் பைத்தியம் பிடிக்கும் போல இருந்தது.

ஒருநாள் ஸ்டேஷனுக்குப் போகும் வழியில் கைத்தொலைபேசியை மறந்தது நினைவுக்கு வந்து திரும்பினேன். குசினியில் மாமா இருந்தார். முன்னால் பேசின். கையில் பெரிய கோப்பை. மேலே மிளகுத்தூள் மிதந்தது. சூடான கோப்பி குடிப்பவர் போல வாய் வாயாக, கண்ணை மூடி, அந்தத் தண்ணீரை அனுபவித்துக் குடித்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. நான் கவனமாக அவித்து இறக்கிய பொட்டாசியம் அத்தனையும், ஒன்றும் வீணாகாமல், அவருக்குள்ளேதான் போய்க்கொண்டிருந்தது.

"மாமா, கறிவேப்பிலைக்கு எண்டுதானே சொன்னனீங்கள்?"

"அதுக்கும் ஊத்திறனான்" என்றார். பிறகு கோப்பையை மெதுவாக மேசையில் வைத்தார். "நீ சொன்னபடி கீரையை வடிச்சுத்தானே சாப்பிட்டனான்."

"தண்ணியைத்தானே குடிக்கக் கூடாதெண்டு சொன்னவை. உங்களுக்குத் தெரியாதே?"

"தெரியும்." பேசினைப் பார்த்தார். "விடிய எழும்பி நிண்டு அவிக்கிறாய். பிறகு எல்லாத்தையும் ஊத்திறாய். என்னால அதைப் பாத்துக்கொண்டு இருக்க ஏலாமக் கிடக்கு பிள்ளை. சேவிஸ் முழுக்கச் சனத்துக்கு ஊத்தாதையுங்கோ எண்டு சொல்லிப்போட்டு, இப்ப என்ர வீட்டில..."

எனக்கு ஏச வந்தது, அழுகையும் வந்தது. இரண்டில் ஒன்றையும் உருப்படியாகச் செய்ய முடியவில்லை. அவருக்காகத்தான் நான் ஊற்றினேன். எனக்காகவும்தான் அவர் குடித்தார் போல. இதில் யாரோடு கோபிப்பது?

"தம்பிக்குச் சொல்லாதை" என்றார். என் கணவரை அவர் தம்பி என்றுதான் கூப்பிடுவார். "வயசுபோய் அப்பாக்கு அறளை பேந்திட்டுது எண்டு நினைப்பான்." அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் மறுக்க முடியவில்லை. சொல்லமாட்டேன் என்றேன். ஆலோசகருக்கு மட்டும் சொல்லத்தான் வேண்டும் என்றேன். அதற்குத் தலையாட்டினார். ஆலோசகர் தொலைபேசியில், "அவரச் சொல்லித் தப்பில்லீங்க. மத்தவங்க கிட்ட நாங்களே தண்ணியக் கொட்டாதீங்கன்னுதான் சொல்றோம்" என்றார். அது ஆறுதலா, மேலும் குழப்பமா என்று எனக்குத் தெரியவில்லை.

அன்று தொடக்கம் தண்ணீர் நேரே சிங்க்குக்குள் போனது. நான் அதை ஊற்றும்போது மாமா எழுந்து தோட்டத்துப் பக்கம் போய்விடுவார். கணக்கு இறங்கியது. "இப்பத்தான் சரியாச் செய்யிறீர்" என்று என் கணவர் பாராட்டினார். நான் சட்டியைக் கழுவிக்கொண்டு நின்றேன். ஒரு வருடத்துக்கு மேல் வெள்ளைப் பாணும் வெள்ளைச் சோறுமாக மாமா இருந்தார். ஒரு குளிர்கால விடியலில் நித்திரையிலேயே இதயம் நின்றுபோனது. முன்னர் குடித்த தண்ணீரா, சிறுநீரக வருத்தமா, வயதா என்று எந்த வைத்தியரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

இப்போது என் வைத்தியர் எனக்கு இரும்புச் சத்துக் குறைவு, கீரை நிறையச் சாப்பிடுங்கள் என்கிறார். கடையில் கீரைக் கட்டைக் கையில் எடுத்தால் இது நல்லதா கெட்டதா என்று ஒரு கணம் உண்மையாகவே தடுமாறுகிறேன். பாண் தட்டின் முன்னாலும் அப்படித்தான். சாப்பாட்டைப் பற்றி எனக்கு இருந்த நிச்சயம் எல்லாம் மாமாவோடு போய்விட்டது. யாருக்கு எது நல்லதென்று யாராவது கேட்டால் ஆஸ்பத்திரியில் கேளுங்கள் என்று தப்பிவிடுகிறேன்.

போன கிழமை மாமாவின் திவசம். வாழையிலையில் அவர் விரும்பியதையெல்லாம் படைத்தோம். சிவப்பரிசிச் சோறு, குரக்கன் பிட்டு, வாழைப்பழம், அன்ரி கொடுத்தனுப்பிய முருங்கையிலை வறை. உயிரோடு இருக்கையில் அந்த மனிதருக்கு நான் மறுத்தது முழுவதும் இலையில் இருந்தது. கற்பூரம் அணைந்த பிறகும் என் கணவர் இலைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

"கோவிக்காதையும்" என்றார். "கடைசிக் காலத்தில அப்பாக்கு உந்தக் கீரையைக் கொஞ்சம் கூடக் குடுத்திருக்கலாம். எவ்வளவு ஆசைப்பட்ட மனுசன்."

சொல்லத் தொடங்கினால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். கோப்பையை, மிளகுத்தூளை, கறிவேப்பிலைக்கென்று சொன்ன பொய்யை. கேட்டுவிட்டு இவர் தன் தகப்பனை என்னவென்று நினைப்பார்?

"ஓம்" என்றேன். "குடுத்திருக்கலாம்."

என்னை மன்னித்துவிட்டவர் போல அவர் என் தோளில் கை வைத்தார்.