தேரை முந்தக் கூடாது

எனக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. பஸ் வர நேரமானால் அடுத்த ஸ்டாப்புக்கு நடந்துவிடுவேன். சாப்பிடும்போதுகூடத் தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு வாசலுக்கும் அடுப்புக்கும் அலைவேன். "குட்டி போட்ட பூன மாரி இன்னாத்துக்குடி சுத்துற?" என்று அம்மா கத்துவாள். படாளத்தில் எங்கள் தெருவே சொன்னது, நான் காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவள் என்று.

அந்தக் கால்களைப் பள்ளிக்கூடத்து பி.டி. டீச்சர் பிடித்துக்கொண்டார். ஓட்டத்தில் நான் சுமார்தான். நடைப்போட்டியில் என் கிட்டே யாரும் வரவில்லை. விதி இரண்டே இரண்டு. ஒரு பாதமாவது எப்போதும் தரையில் இருக்க வேண்டும். முன்னால் வைக்கிற கால், தரையைத் தொட்டதிலிருந்து உடம்புக்கு நேர் கீழே வரும்வரை முட்டி மடங்கக் கூடாது. தப்பினால் நடுவர் சிவப்பு அட்டை எழுதுவார். மூன்று விழுந்தால் ஓரத்தில் ஒரு கட்டத்துக்குள் கொஞ்ச நேரம் நிறுத்தி வைப்பார்கள். நாலாவது விழுந்தால் மூட்டை கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

இப்படி நடந்தால் இடுப்பு ஆடும், ஆடாமல் முடியாது. எங்கள் ஊர் வழியே போகும் ஜி.எஸ்.டி. நெடுஞ்சாலை லாரிகளுக்குப் பயந்து, புதுப்பட்டினத்தில் சித்தி வீட்டில் தங்கிக் கடற்கரைச் சாலையில் பயிற்சி செய்தேன். மீன் கூடையோடு எதிரே வரும் பெண்கள் விடமாட்டார்கள். "இன்னாமே, இடுப்பு சுளுக்கிகிச்சா? வாத்து மாரி போற!"

"வாத்து மெடல் வாங்குமா?" என்று நானும் கத்திவிட்டுப் போவேன்.

வாங்கினேன். மாநிலப் போட்டியில் தங்கம், தேசிய ஜூனியரில் தங்கம். அம்மா எல்லாவற்றையும் டிவிக்கு மேலே ஆணியில் மாட்டினாள். ஆனால் மெடல் சோறு போடாது. பெரியவர்களுக்கான தேசியப் போட்டியில் ஏதாவது ஒரு பதக்கம் இருந்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசு வேலை கிடைக்கும். வயது வரம்பு அந்த வருடத்தோடு முடிகிறது. பதக்கம் இல்லையென்றால் நானும் அம்மாவோடு வேன் ஏறிப் போக வேண்டும். அவள் ஒரு ஐ.டி. கம்பெனியில் துப்புரவு வேலை செய்தாள். மாடி மாடியாக மேசை, நாற்காலி துடைப்பாள். வேலை நேரத்தில் உட்காரக் கூடாது. சாயங்காலம் வீடு திரும்பும்போது அவள் முட்டி பூரி மாதிரி உப்பியிருக்கும்.

போட்டிக்குச் சில வாரம் இருக்கும்போது அம்மா குண்டைத் தூக்கிப் போட்டாள். "வேளாங்கண்ணிக்கு நடந்து வரேன்னு மாதாகிட்ட வேண்டிக்கினு கீறேன். நீயும் வரணும்."

"இன்னா வேண்டுன?"

"வெளிய சொன்னா பலிக்குமா? வா. நடக்கறவளுக்கு நடக்க இன்னா பேஜாரு? பயிற்சியாவும் ஆச்சி, பிரார்த்தனையாவும் ஆச்சி."

எங்கள் வீட்டில் எல்லோருக்கும் அது சரியென்றே பட்டது, எனக்கும்தான். எனக்குப் பயிற்சி தரும் கோச் மட்டும் போனில் தலையில் அடித்துக்கொண்டார்.

காவி உடை, வெறுங்கால். முன்னால் மாதா சொரூபம் வைத்த தள்ளுவண்டித் தேர், அதில் ஸ்பீக்கர், பின்னால் எங்கள் கூட்டம். முதல் நாள் கடப்பாக்கம் வருவதற்குள் நான் தேரை விட்டுவிட்டு எங்கேயோ போய்விட்டேன். கூட்டத்தை அழைத்து வந்தவர் பைக்கில் துரத்தி வந்து பிடித்தார். "தேர முந்தக் கூடாதும்மா. மாதாவுக்கு நீ வழி காட்டுறியா?"

அதற்கப்புறம் தேருக்குப் பின்னால்தான். அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டி வந்தாள். முன்னே போகவும் முடியாமல், நிற்கவும் முடியாமல் எனக்குப் பைத்தியம் பிடித்தது. தார் சூட்டில் பாதம் கொப்பளித்தது. கொப்புளத்தைக் காப்பாற்ற முட்டியை மடக்கி வைத்து நடந்தேன். ஊர் திரும்பியபின் கொப்புளம் ஆறியது, முட்டி மட்டும் அந்த நடையை மறக்கவில்லை.

போட்டி மாமல்லபுரம் பக்கம், எங்கள் கடற்கரைச் சாலையிலேயே. விடிகாலையில் தடுப்புக் கயிற்றுக்கு அந்தப்புறம் அம்மாவும் சித்தியும் நின்றார்கள். முதலில் போய்க்கொண்டிருந்தது நான்தான். பலகையில் என் எண்ணுக்கு நேரே ஒரு சிவப்பு விழுந்தது, பிறகு இன்னொன்று, பிறகு மூன்றாவது. எல்லாமே முட்டிக்காக. கட்டத்துக்குள் அனுப்பினார்கள். வாழ்க்கையிலேயே என்னை நிறுத்தி வைத்த ஒரே இடம் அதுதான், அங்கேயும் கூண்டுக்குள் போட்டதுபோல் சுற்றிச் சுற்றி வந்தேன். என் கண்ணெதிரே இரண்டு பேர் தாண்டிப் போனார்கள். அம்மாவை நினைத்தால் பற்றிக்கொண்டு வந்தது.

வெளியே விட்டதும் பறந்தேன். கடைசிச் சுற்றில் இரண்டாவதாகப் போனவளின் முதுகு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. பிடித்துவிடலாம், அவளுக்கு முன்னால் போகிறவளையும் பிடித்துவிடலாம். அப்போதுதான் அந்தக் குரல் கேட்டது.

"முந்தாதடி! பின்னாலயே போ!"

அம்மாதான். மூன்றாவது இடமே போதும் என்று கோச் அவளிடம் சொல்லியிருக்கிறார். ஆனாலும் எந்த வீராங்கனையின் அம்மா இப்படிக் கத்துவாள்? சாலையே சிரித்தது. எனக்கு அழுகை வந்தது. வேகத்தைக் கூட்டும்போதெல்லாம் முட்டி மடங்கப் பார்த்தது, முன்னால் ஒரு நடுவர் குனிந்து என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். பல்லைக் கடித்துக்கொண்டு அந்த முதுகுக்குப் பின்னாலேயே வந்தேன். வெண்கலம். தங்கம் என் கையில் இருந்தது, அதைப் பறித்தவள் என்னைப் பெற்றவள். பல நாள் அவளோடு பேசவில்லை.

வேலை கிடைத்தது. செங்கல்பட்டில் ஓர் அரசு அலுவலகம், மேசை, நாற்காலி. அதில் பத்து நிமிடம் சேர்ந்தாற்போல் உட்கார்ந்தால் பெரிய விஷயம். மேசைக்குக் கீழே கால் ஆடிக்கொண்டே இருக்கும். "கால ஆட்டாதம்மா, குடும்பத்துக்கு ஆகாது" என்று பக்கத்து சீட்டுக்காரர் தினமும் சொல்வார். ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் கடற்கரைச் சாலைக்கு ஓடிவிடுவேன். அந்தத் தங்கம் இன்னும் பாக்கி இருக்கிறது.

ஒருநாள் அம்மா தயிர்ச் சோற்று டப்பாவோடு அலுவலகத்துக்கு வந்தாள். நான் வழக்கம்போல் ஜன்னலோரம் நின்றிருந்தேன். காலியாக இருந்த என் நாற்காலியை முந்தானையால் துடைத்தாள், பழக்க தோஷம்.

"உக்காரும்மா."

"யாராச்சும் எதுனா சொல்லப் போறாங்க."

"என் சேர்மா அது."

நுனியில் உட்கார்ந்தாள். முட்டியை நீவிக்கொண்டே மெல்லச் சொன்னாள்.

"இதத்தான்டி கேட்டேன் மாதாகிட்ட. எம் பொண்ணு உக்காந்துக்கினு சம்பளம் வாங்கணும்னு. வேற ஒண்ணுமே கேக்கல."

நான் நின்றபடியே கேட்டுக்கொண்டிருந்தேன். கால் இரண்டும் அசையவில்லை.