அக்காவின் பேணியில் தேநீர் குடித்தவர்

அக்கா கசத்தால் இறக்கவில்லை. பிறந்த ஊர், வளர்ந்த விதம் எல்லாம் பிறகு சொல்கிறேன். இந்த நினைவு மலரைக் கையில் எடுப்பவர்கள் முதலில் இதைத்தான் வாசிக்க வேண்டும். அக்காவின் உயிரைக் கொண்டுபோனது மாரடைப்பு. கசம் என்கிற காசநோய் அவரை ஒருநாளும் தொட்டதில்லை.

சுதந்திரத்துக்குச் சில ஆண்டுகள் முன்னர் சல்லி என்ற கடலோர ஊரில் அக்கா பிறந்தார். எங்கள் ஐயா துறைமுகத்தில் தச்சு வேலை செய்தவர். அம்மா கருவாடு போட்டு விற்றவர். அக்கா சிரித்தால் நாலு வளவு தாண்டிக் கேட்கும். "பொம்பிளைப் பிள்ளை இப்பிடியே சிரிக்கிறது?" என்று அம்மா ஏச, அதற்கும் சிரிப்பார். அம்மாவின் தமையன் மகன்தான் அக்காவுக்கு என்று சிறுவயதிலேயே பேசி வைத்திருந்தார்கள். அந்த மச்சான் துறைமுகக் கந்தோரில் கிளாக்கர். எங்கள் குடும்பத்தில் இங்கிலீசு தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

ஒரு மாரிகாலம் அக்காவுக்குக் கடும் காய்ச்சல். அது தணிய வலது விலாவில் நோவு தொடங்கியது. "மூச்சு இழுக்க ஏலாதம்மா, கத்தியால குத்துது" என்று, நோகிற பக்கமாகவே சரிந்து படுப்பார். தும்மல் வந்தால் அழுவார். வாய்வுக் குத்து என்று அம்மா நொச்சியிலை ஒத்தடம் கொடுத்தார். அம்மனுக்கு நேர்த்தி வைத்தார். சில நாளில் நோவு நின்றேவிட்டது. அம்மன் கண் திறந்துவிட்டாள் என்று பொங்கல் வைத்தோம். பொங்கல் பானை கழுவ எழுந்த அக்கா, கிணற்றடிக்குப் போகுமுன்னே மூச்சு வாங்கித் தரையில் இருந்துவிட்டார்.

ஆஸ்பத்திரிக்கு மச்சான்தான் கூட்டிப் போனார். ஊசி போட்டு அக்காவின் விலாவிலிருந்து தண்ணீர் எடுத்தார்கள். அந்த டாக்குத்தருக்குத் தமிழ் தெரியாது. அவர் சொன்னதையெல்லாம் மச்சான் தலையாட்டிக் கேட்டுவிட்டு வெளியே வந்தார்.

"மாமி, கசம்தான். ஆருக்கும் சொல்லிப்போடாதேங்கோ. கசக் கிளினிக்கில பேர் பதிஞ்சா ஊரெல்லாம் தெரியவரும். சின்னவளுக்கும் மாப்பிள்ளை வராது. மருந்தை நானே கொண்டு வாறன்."

அம்மா அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "தம்பி, நீ மனிசனில்லை, எங்கட தெய்வம். இந்த நன்றியை மறக்கமாட்டன்" என்று அழுதார். சின்னவளான நானும் பக்கத்தில் நின்று அழுதேன்.

அவர் கொண்டுவந்த மருந்து மீன் எண்ணெய். கடற்கரையில் குடியிருந்து மூன்று வேளையும் மீன் தின்கிற எங்களுக்கு மீன் எண்ணெய்! அப்போதும் எங்கள் மண்டையில் ஏறவில்லை. கலியாணப் பேச்சை எடுத்தபோது மச்சான், "அம்மா சம்மதிக்கிறா இல்லை மாமி, நான் என்ன செய்ய?" என்று கண் கலங்கினார். அடுத்த ஆவணியில் யாழ்ப்பாணப் பக்கம் வீடு வளவுச் சீதனத்தோடு கலியாணம் முடித்தார். அவருக்காகவும் நாங்கள் கவலைப்பட்டோம்.

அக்கா தனக்கென்று தேநீர் குடிக்க ஒரு பேணியும் சாப்பிட ஒரு கோப்பையும் ஒதுக்கிக்கொண்டார். நாங்கள் வாயைத் திறக்காவிட்டாலும் அந்தத் தனிப் பேணி ஊருக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. பெண் பார்க்க ஒருவரும் வரவில்லை. தையல் மெசினோடு காலம் போயிற்று. என் பிள்ளைகள் அவரிடம் ஓடிப்போனால், "தள்ளி நில்லுங்கோ குஞ்சு" என்று சேலைத் தலைப்பால் வாயை மூடுவார். அந்தச் சிரிப்பும் அடங்கிவிட்டது.

மச்சான் மட்டும் வரும்போதெல்லாம் அக்காவின் கையால் தேநீர் கேட்டு வாங்கிக் குடிப்பார். வேறு பேணி அகப்படாவிட்டால் அக்காவின் பேணியிலேயே குடிப்பார். "பாத்தியே, எல்லாரும் பயப்பிடுற வருத்தம். அவருக்குப் பயமில்லை. எவ்வளவு பெரிய மனசு!" என்று அம்மா உருகுவார். சீ, எப்படிப்பட்ட முட்டாள்களாக இருந்திருக்கிறோம்!

அம்மா கண்மூடிய பிறகு ஒருமுறை அக்காவுக்கு இருமல். நான் வலுக்கட்டாயமாக இழுத்துப் போனேன். இம்முறை தமிழ் பேசும் ஒரு டாக்குத்தர் அம்மா இருந்தார்.

"கசம் எண்டு ஆர் சொன்னது? சளியும் சுத்தம், எக்ஸ்ரே படமும் சுத்தம். பழைய புளூரிசியின்ர தழும்பு மட்டும் கிடக்கு" என்றார். "சுவாசப்பையைச் சுத்தி ரெண்டு மெல்லிய சவ்வு இருக்கு. ஒண்டில ஒண்டு வழுக்கிக்கொண்டு இருக்கும். அழற்சி வந்தா உரசும். அதுதான் அந்தக் குத்து. நடுவில தண்ணி கோத்தா உரசல் நிக்கும், நோவும் போகும், ஆனா மூச்சு முட்டும். கசத்தாலும் இது வரும், ஓம். உங்களுக்கு நிமோனியாக் காய்ச்சலுக்குப் பிறகு வந்திருக்கு. கசமெண்டால் அந்த டாக்குத்தர் உங்களைக் கிளினிக்குக்கு அனுப்பாமல் விட்டிருப்பாரோ?"

பஸ்ஸால் இறங்கி அக்கா எனக்கு முன்னே வீட்டுக்கு நடந்தார். வீட்டு வாசலில் விளையாடிய என் கடைசி மகளை அள்ளித் தூக்கி, அவள் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். "இவ்வளவு காலமும் என்ர மூச்சுக்கு நானே பயந்து கிடந்தனானடி" என்றார். நான் வாய்விட்டு அழுதேன்.

மச்சானின் வீட்டு முற்றத்தில் நின்று நாலு பேர் முன்னால் கேட்கிறேன் என்று புறப்பட்டேன். அக்கா விடவில்லை.

"கேட்டா வேற கதை சொல்லுவார். அது அவருக்குக் கைவந்த வேலை. நான் செத்தாப் பிறகு ஒருத்தரும் என்னைக் கசக்காரி எண்டு சொல்லக் கூடாது. அதை மட்டும் நீ எழுது."

எழுதிவிட்டேன் அக்கா.

செத்த வீட்டில் அடுப்பேற்றிச் சமைத்த அயலவர்களுக்கும், பந்தல் போட்ட கரைவலைக்காரருக்கும், உண்மையைச் சொன்ன டாக்குத்தர் அம்மாவுக்கும் நன்றி. கசம் என்றே நம்பியிருந்தும் அக்காவோடு ஒரே பாயில் இருந்து தைத்து, ஒரே கோப்பையில் சாப்பிட்ட கிண்ணியா ஊர்ச் சிநேகிதிக்கு எந்தச் சொல்லால் நன்றி சொல்வதென்று தெரியவில்லை.

செத்த வீட்டுக்கு மச்சானும் வந்திருந்தார். முன்வரிசைக் கதிரையில் இருந்துகொண்டு, "மலரில என்ர பேரையும் போடுங்கோ. நான்தானே அவவை முதல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனனான்" என்றார். அக்காவின் பேணியில் தேநீர் ஊற்றிக் கொடுத்தேன். பழகிய பேணி, தயங்காமல் குடித்தார்.

அவருக்குரிய நன்றியை அம்மா அன்றே ஆஸ்பத்திரி வாசலில் சொல்லிவிட்டார். எங்களிடம் மீதி இல்லை.