மூன்றாவது எச்சரிக்கை

வீட்டில் இருந்தபடியே பரீட்சை எழுதலாம் என்று அறிவித்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. மதுரைக்குப் பஸ் ஏற வேண்டாம், உலையை இறக்கிவிட்டு உட்கார்ந்தால் போதும் என்று நினைத்துக்கொண்டேன். விதிமுறைகளைப் படித்த பிறகுதான், பஸ்ஸில் நின்றுகொண்டே மதுரை போய் வருவது எவ்வளவு சுகம் என்று தெரிந்தது.

அறையில் வேறு ஆள் இருக்கக் கூடாது. வேறு ஆளோடு பேசக் கூடாது. திரையை விட்டுக் கண் விலகக் கூடாது. உதடு அசையக் கூடாது. எந்த ஊரிலோ உட்கார்ந்து ஒருவர் கேமரா வழியாகப் பார்த்துக்கொண்டே இருப்பார். தப்புச் செய்தால் எச்சரிக்கை வரும். மூன்றாவது எச்சரிக்கையோடு பேப்பர் ரத்து. இதையெல்லாம் எழுதிய புண்ணியவான் திண்டுக்கல்லில், எங்கள் பேகம்பூர்த் தெருவில், ஒரே ஒரு காலை வந்து இருந்து பார்த்திருக்க வேண்டும். பக்கத்து வீட்டில் குக்கர் விசில் அடித்தால் எங்கள் அடுப்பை அணைக்கப் போகிற தெரு இது.

நான் ஒரு நர்சரி பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். பட்டம் இல்லாதவர்களை ஜூனிலிருந்து வைத்துக்கொள்ள முடியாது என்று பள்ளியில் கறாராகச் சொல்லிவிட்டார்கள். நாற்பது வயதில், தபாலில் வந்த புத்தகங்களை வைத்துக்கொண்டு, அடுப்புக்கும் கட்டிலுக்கும் நடுவே படித்து, கடைசிப் பேப்பர் வரை வந்திருந்தேன். அது ஒன்றுதான் பாக்கி. அது போனால் என் வகுப்பும் போகும்.

இந்தப் படிப்பு ஏற்கெனவே என்னிடமிருந்து ஒன்றைப் பறித்திருந்தது. என் அக்கா எங்கள் வீட்டுக்குப் பின்வீட்டில்தான் இருக்கிறாள். இரண்டு வீட்டுக் கொல்லைக்கும் நடுவே ஒரு தகரக் கதவு. அவள் கடைசி மகளின் நிக்காஹ் அன்று காலை எனக்கு மதுரையில் ஒரு பேப்பர் இருந்தது. எழுதிவிட்டு ஓடிப் போய்ச் சேர்ந்தபோது பந்தி நடந்துகொண்டிருந்தது. "பொண்ணுகிட்ட சம்மதம் கேக்க வந்தப்ப பக்கத்துல சின்னம்மா இல்ல. எங்க காணோம்னு ஊரே கேட்டுச்சு" என்றாள் அக்கா. தேதியை நானா வைத்தேன் என்று நானும் எகிறினேன். அன்றோடு பேச்சு நின்றது. தகரக் கதவை அவள் பக்கம் தாழ்ப்பாள் போட்டாள். நான் மட்டும் இளைத்தவளா, நானும் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. கூடப் பிறந்தவள் துணி உலர்த்தும் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டு மாதக்கணக்கில் இருப்பது எப்படி இருக்கும் என்று எதிரிக்குக்கூடத் தெரிய வேண்டாம்.

கடைசிப் பேப்பர், நோன்பு தொடங்குவதற்கு முதல் நாள் வந்து விழுந்தது. காலையிலேயே என் வீட்டுக்காரர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். கீரைக்காரம்மாவைத் திருப்பி அனுப்பினார். பந்து விளையாடிய பிள்ளைகளை, "ஏலே, அங்கிட்டுப் போயி வெளையாடுங்கப்பா, உள்ள பரீட்சை நடக்குது" என்று விரட்டினார். முன்வாசலுக்கு இத்தனை காவல். பின்வாசலை யாரும் நினைக்கவே இல்லை. அந்தப் பக்கமிருந்து வர எங்களுக்கு யார் இருந்தார்கள்?

கேமராவுக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் குரல். நான்கு சுவரையும் காட்டச் சொன்னது. கட்டிலுக்கு அடியில் காட்டச் சொன்னது. வெங்காய மூட்டையையும் கைப்பிடி போன இட்லிக் குண்டானையும் அந்த மகராசிக்குக் காட்டினேன். முக்காட்டை விலக்கிக் காதைக் காட்டச் சொன்னது. இடது காது, வலது காது. என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள்கூட இவ்வளவு உற்றுப் பார்க்கவில்லை.

முதல் எச்சரிக்கை உதட்டுக்கு. சின்ன வயதில் மதரசாவில் எங்களுக்குப் படிப்பு என்றாலே வாய்விட்டு ஓதுவதுதான். உதடு அசையாமல் படித்தால் உஸ்தாது தூங்குகிறாயா என்று கேட்பார். இரண்டாவது கண்ணுக்கு. ஒரு விடை நாக்கு நுனியில் நின்றது, முகட்டைப் பார்த்து யோசித்துவிட்டேன். யோசிக்கிறவள் எங்கே பார்ப்பாள்? எரிச்சல் மண்டைக்கு ஏறியது. பல்லைக் கடித்துக்கொண்டு, கல்லாய்ச் சமைந்து எழுதினேன். நன்றாகவே எழுதினேன். இன்னும் கொஞ்சம்தான் மிச்சம்.

அப்போதுதான் கொல்லையில் தகரக் கதவு கிறீச்சிட்டது. சமையலறை வரை செருப்பில்லாத கால் நடந்து வந்தது. மூடிய கதவுக்கு அந்தப் பக்கம் நின்றது.

"அஸ்ஸலாமு அலைக்கும்" என்றாள் அக்கா.

வேறு ஒரு வார்த்தை இல்லை. எனக்குப் புரிந்துவிட்டது. மனதில் வருத்தத்தை வைத்துக்கொண்டு நோன்பு பிடிக்கக் கூடாது என்பது எங்கள் வீடுகளில் உள்ள வழக்கம். பேசாமல் இருக்கும் இருவரில் முதலில் ஸலாம் சொல்கிறவர் உயர்ந்தவர். பதில் சொல்லாமல் விட்டால் வாசலில் நிற்கிறவரை வெளியே போ என்று சொன்னதாக அர்த்தம்.

வாய் தன்னால் பதில் சொல்லிவிட்டது என்று எழுதினால் அழகாக இருக்கும். ஆனால் அப்படி நடக்கவில்லை. எனக்கு யோசிக்க நேரம் இருந்தது. பேப்பரை முடித்துவிட்டுப் பின்னாலேயே ஓடிக் காலைப் பிடித்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டேன். என் வகுப்புப் பிள்ளைகளை நினைத்தேன். ஆனால் என் அக்காவை எனக்குத் தெரியும். ரோஷக்காரி. இவ்வளவு தூரம் நடந்து வருவதற்கு அவள் எத்தனை நாள் தன்னோடு சண்டை போட்டிருப்பாள்! இப்போது பதில் இல்லாமல் திரும்பினால் அந்தக் கதவு நான் செத்து, என் மையத்தைத் தூக்கும்போதுதான் திறக்கும். சமையலறையில் அவள் கால் திரும்புவது கேட்டது.

"வ அலைக்கும் ஸலாம்" என்றேன். முனகவில்லை. கதவைத் தாண்டிக் கேட்கும்படி சொன்னேன்.

திரையில் சிவப்புக் கட்டம் வந்தது. பிறகு எல்லாம் மூடிக்கொண்டது. யா அல்லாஹ்! அந்தக் குரல்காரியை வாயில் வந்தபடி மனதுக்குள் ஏசினேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு கதவைத் திறந்தேன்.

அக்கா அழுதுகொண்டிருந்தாள். "நோன்பு வருதுடி. ஒம்மேல வருத்தத்த வச்சுக்கிட்டு நான் எப்படி நோன்பு பிடிக்க? என்னை மன்னிச்சு மாப்பு குடுத்துரு" என்றாள்.

"நீதான்க்கா எனக்குக் குடுக்கணும்" என்று கட்டிக்கொண்டேன். என் தோளுக்கு மேலாக மேசையைப் பார்த்துவிட்டாள்.

"அய்யய்யோ, பரீட்சையா? எழுதிக்கிட்டா இருந்த? பாவி நான் கெடுத்துட்டேனா?"

"இல்லக்கா. எழுதி முடிச்சுட்டுத்தான் எந்திரிச்சேன்."

பேச்சுச் சத்தம் கேட்டு உள்ளே வந்த என் வீட்டுக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வாயைத் திறந்தார். நான் முறைத்த முறைப்பில் மூடிக்கொண்டார்.

ஜூனில் என் வகுப்பை வேறொரு பெண்ணுக்குக் கொடுத்துவிட்டார்கள். காலையில் பள்ளி வேன் தெருவில் போகும்போதெல்லாம் வாசல் கதவைச் சாத்திக்கொள்வேன். அந்தக் குரல்காரி மேல் உள்ள கோபம் இன்னும் முழுசாகப் போகவில்லை. உடம்புக்கு முடியவில்லை, கொஞ்ச நாள் வீட்டில் இருக்கிறேன் என்று அக்காவிடம் சொன்னேன். அவள் நம்பிவிட்டாள். நாள் தவறாமல் தகரக் கதவைத் தள்ளிக்கொண்டு ஆட்டுக்கால் சூப்போடு வந்தாள்.

அதே பேப்பரை மறுபடி எழுதியது மழைக்காலத்தில். இந்த முறை பின்வாசலுக்கு அக்கா காவல். தன் பேரனைக்கூட உள்ளே விடவில்லை. எழுதி முடித்து வெளியே வந்தேன். கால் மரத்துப்போன அக்கா, கொல்லைப்படியில் கையை ஊன்றி எழுந்தாள்.

"ஏண்டி, இந்தப் பாழாப்போன படிப்புக்கு எம்புட்டுப் பேப்பருதான் இருக்கு?" என்றாள்.

"இதுதான்க்கா கடைசி" என்றேன்.