எந்தக் கல்லுமலை?

எங்கள் போர்டு ஆபீஸ் சுவரில் டெலிபோன் பெட்டியை மாட்டிய அன்று நான் புதுச்சட்டை போட்டுக்கொண்டு போயிருந்தேன். மரப்பெட்டி; அதன் தலையில் இரண்டு பித்தளை மணி; வலப்பக்கம் சுற்றுகிற கைப்பிடி; இடப்பக்கம் கொக்கியில் தொங்கும் காதுக்குழல். சேர்மன் துரை கைப்பிடியைச் சுற்றி, ஈப்போவில் இருந்த யாரோ ஒரு துரையிடம் இரண்டு வார்த்தை பேசினார். பிறகு என்னைக் கைகாட்டி, இனி இது உன் பொறுப்பு என்றார். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. தலையில் கனம் ஏற அதைவிட வேறென்ன வேண்டும். அந்த ஆபீசில் தமிழும் இங்கிலீசும் சேர்ந்து தெரிந்தவன் நான் ஒருவன்தான். கிராணி என்றால் எங்கள் பக்கத்தில் குமாஸ்தா; தலைமைக் கிராணி சீனர், மற்ற கிராணிகள் மலாய்க்காரர்கள். ஆகவே தோட்டத்திலிருந்து யார் கூப்பிட்டாலும் நான்தான் பேச வேண்டும், துரைக்கு எது புரிய வேண்டுமானாலும் நான்தான் சொல்ல வேண்டும் என்று ஆகிவிட்டது.

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது டெலிபோனைப் பற்றி அல்ல, எங்கள் டிரைவர் அண்ணனைப் பற்றி. அவருக்கு வேலை போனது, வேலையோடு வீடும் போனது. இரண்டுக்கும் காரணம் நான். நாற்பது வருஷமாக இதை யாரிடமும் சொன்னதில்லை, என் மனைவியிடம்கூட.

மலாயாவில், ஈப்போவுக்குத் தெற்கே, ஈயம் தோண்டிய குளங்களுக்கும் ரப்பர்த் தோட்டங்களுக்கும் நடுவே கிடந்த சின்னப் பட்டணம் எங்களுடையது. சாக்கடை, குப்பை, தெருவிளக்கு, குழாய்த் தண்ணீர் எல்லாம் போர்டின் வேலை. நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவும் போர்டில் ஒரு வண்டி உண்டு, அது மாட்டுவண்டி. தோட்டத்திலிருந்து ஆள் நடந்து வந்து சொல்லி, மாட்டைப் பூட்டி, அது ஆடி அசைந்து போய்த் திரும்புவதற்குள் சூரியன் சாய்ந்துவிடும். வழியிலேயே கண்ணை மூடியவர்களை எனக்குத் தெரியும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் நடுவில் ரப்பருக்கு நல்ல காலம் வந்தபோது, போர்டுக்கும் கை கொஞ்சம் நீண்டது. டெலிபோன் வந்தது. அதற்குப் பின்னாலேயே, கூடு கட்டிய மோட்டார் ஒன்றும் வந்தது. உள்ளே படுக்கைப் பலகை, இருபக்கமும் கித்தான் திரை. ஜனங்கள் அதை ஆஸ்பத்திரிக் காடி என்றார்கள். அது போகிற வழியில் பெண்கள் கையெடுத்துக் கும்பிட்டதை நான் பார்த்திருக்கிறேன்.

அந்தக் காடிக்கு வந்தவர்தான் டிரைவர் அண்ணன். சிறு வயதில் கப்பலேறி வந்து, தோட்டத்துத் துரை ஒருவரின் காரைக் கழுவிக் கழுவியே ஓட்டக் கற்றுக்கொண்டவர். குள்ளமான ஆள், கனத்த குரல். காடியில் ஏறும்போது செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்வார். மூன்று பெண் குழந்தைகள். வரிசையாகக் கட்டிய போர்டு லயத்தில் கடைசி வீட்டை அவருக்குக் கொடுத்திருந்தார்கள். அந்த வீட்டுக்குக் கதவு இருந்தது, கதவுக்குத் தாழ்ப்பாள் இருந்தது என்பதை அவர் மனைவி வருகிறவர்கள் போகிறவர்களிடமெல்லாம் சொல்வார். தோட்டத்து லயத்தில் அதுவரை சாக்குத் திரைக்குள் குடித்தனம் நடத்தியவர் அவர். என்னைக் கண்டால் அண்ணனுக்குக் கிண்டல் வந்துவிடும். "என்னா டெலிபோன் மாப்பிள்ளே, பொண்ணு இன்னைக்குப் பேசுச்சா?" என்பார். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வேன். கிராணியைக் காடி ஓட்டுகிறவன் கேலி செய்வதா என்று உள்ளே ஒரு எரிச்சல். அந்த எரிச்சலையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

காடி நகர வேண்டுமானால் சீட்டு வேண்டும் என்பது சேர்மன் துரையின் சட்டம். டெலிபோனில் கேட்டதை நான் இங்கிலீசில் சீட்டாக எழுதுவேன்: தோட்டத்தின் பெயர், நோய், நேரம். அண்ணனுக்கு இங்கிலீசு படிக்கத் தெரியாது. நான் வாசித்துக் காட்ட, அவர் சீட்டைத் தொப்பிக்குள் மடித்து வைத்துக்கொண்டு போவார். சட்டத்தில் இன்னொரு வரியும் இருந்தது. போகும் இடத்தில் சந்தேகம் இருந்தால் டிரைவர் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் புறப்பட வேண்டும். கேட்காமல் போனால் தப்பு அவருடையது. படிப்பவர்கள் இந்த வரியை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

சந்தேகம் வராமல் எப்படி இருக்கும். தோட்டத்துக்குத் துரைமார் வைத்த பெயர் ஒன்று, நம் ஜனங்கள் வைத்த பெயர் ஒன்று. துரை தன் ஊர்ப் பெயரையோ தன் வீட்டுப் பெண்ணின் பெயரையோ வைத்துவிட்டுப் போவார். அது நம் ஆட்கள் நாக்கில் நிற்காது. பாலம் இருந்தால் பாலத்துத் தோட்டம், முதல் துரை காலை விந்தி நடந்திருந்தால் நொண்டித் துரை தோட்டம். அங்கேயே பிறந்து, பாலெடுக்க மரப்பட்டை வெட்டி, அங்கேயே செத்தவர்களுக்கும் தங்கள் தோட்டத்தின் இங்கிலீசுப் பெயர் தெரியாது. ஈப்போவைச் சுற்றித் திரும்பின பக்கமெல்லாம் சுண்ணாம்புக்கல் மலை. எங்கள் எல்லைக்குள் மட்டும் கல்லுமலைத் தோட்டம் இரண்டு இருந்தன. ஒன்று ஈப்போவுக்குப் போகும் தார்ச் சடக்கை ஒட்டி மூன்று மைலில். மற்றது ஆற்றைத் தாண்டி, செம்மண் பாதையில் பதினோரு மைலுக்கு அப்பால். இது எனக்குத் தெரியாததல்ல. நன்றாகவே தெரியும்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. டெலிபோனுக்கு என் முறை. ஈப்போவில் பந்தாட்டம், கூட்டாளிகள் இருவர் வாசலில் நின்று அவசரப்படுத்திக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பதிலாக உட்கார்ந்து, தோட்டத்துக் கிராணிகளோடு மலாயில் சமாளிக்க வேண்டிய மலாய்க்காரக் கிராணியும் வந்துவிட்டான். நான் குடையை எடுக்கும்போது மணி அடித்தது. காதுக்குழலை எடுத்தேன். மூச்சு வாங்கும் சத்தம், மழைச் சத்தம், அப்புறம் ஓர் ஆளின் கத்தல்.

"ஐயா, எம் பொஞ்சாதிக்கு முடியலீங்க. நேத்திலேர்ந்து நோவு. புள்ள வரமாட்டேங்குது."

"எந்தத் தோட்டம்?"

"கல்லுமலைத் தோட்டம்ங்க."

"இங்கே பக்கத்துல, சடக்கோரமா இருக்கே, அந்தக் கல்லுமலைதானே?"

பதில் இல்லை. மறுபடி அதையே கேட்டேன். மழைச் சத்தம் மட்டும் வந்தது. மௌனம் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். காடி வருகிறது என்று சொல்லிக் குழலைக் கொக்கியில் மாட்டினேன். கைப்பிடியை ஒரு சுற்றுச் சுற்றி, எந்தக் கம்பியிலிருந்து கூப்பிட்டார்கள் என்று எக்ஸ்சேஞ்சில் கேட்டிருந்தால் அரை நிமிஷத்தில் தெரிந்திருக்கும். கேட்கவில்லை. சீட்டில் 'கல்லுமலை' என்று இங்கிலீசு எழுத்தில் கிறுக்கினேன்.

பிறகு அந்தத் தோட்டத்து ஆபீஸ் காவல்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. தோட்டத்துக் கிராணி ஒரு கலியாணத்துக்காகச் சித்தியவானுக்குப் போயிருந்தார். காவல்காரர்தான் துணிந்து ஆபீசைத் திறந்து, கைப்பிடியைச் சுற்றிக் குழலை அந்த ஆளிடம் கொடுத்திருக்கிறார். அவன் பிறந்ததிலிருந்து டெலிபோனைத் தொட்டதில்லை. நான் கேட்டபோதெல்லாம் அவன் பதில் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறான். இரண்டு தரமும், இல்லை இல்லை என்று பலமாகத் தலையை ஆட்டியிருக்கிறான். எதிரே நிற்கிற மனிதனுக்கு ஆட்டுவதுபோல, அந்தப் பெட்டியைப் பார்த்து.

சீட்டை வாசித்தேன். டிரைவர் அண்ணன் வாங்கித் தொப்பிக்குள் வைக்கவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

"எந்தக் கல்லுமலை தம்பி? ஆத்துக்கு அந்தாண்ட ஒண்ணு இருக்கே."

"பக்கத்துல உள்ளதுதாண்ணே."

"அவுங்க சொன்னாங்களா?"

"சொன்னாங்க, போங்கண்ணே. நேரமாகுதுலா."

அவர் செருப்பைக் கழற்றிக்கொண்டு ஏறினார். நான் பந்தாட்டத்துக்குப் போனேன். அன்று யார் ஜெயித்தார்கள் என்பதுகூட எனக்கு ஞாபகம் இருக்கிறது. அதை நினைத்தால் என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

பக்கத்துக் கல்லுமலையில் அண்ணன் லயம் லயமாகப் போய்க் கேட்டிருக்கிறார். அங்கே யாருக்கும் நோவு இல்லை. தோட்டத்து ஆபீஸ் பூட்டிக் கிடந்ததால் டெலிபோனில் கேட்கவும் வழியில்லை. பட்டணத்துக்குத் திரும்பி வந்து கேட்டால் இன்னும் நேரமாகும் என்று, தாமாகவே காடியைத் திருப்பி ஆற்றுப் பக்கம் ஓட்டியிருக்கிறார். மழையில் செம்மண் பாதை சேறாகிக் கிடந்தது. இரண்டு இடத்தில் சக்கரம் புதைந்து, இறங்கித் தள்ளி, போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. அந்தப் பெண் போய்விட்டாள். பிள்ளை பிறக்கவே இல்லை. மறுநாள் காலை காடியைக் கழுவிக்கொண்டே அண்ணன் எனக்கு இதைச் சொன்னார்.

"உடம்புல இன்னும் சூடு இருந்துச்சு தம்பி. அந்தப் பய என்னைப் பார்த்து, பட்டணத்துலேர்ந்து வர இவ்ளோ நேரமாவுமாண்ணேன்னு கேக்கிறான். நான் என்னத்தச் சொல்ல?"

நீ தவறாகச் சொல்லிவிட்டாயே என்று அவர் என்னைக் கேட்கவில்லை. விசாரணை வந்தால் நடந்ததை நடந்தபடி நானே சொல்லிவிடுவேன் என்று நம்பியிருக்க வேண்டும்.

அந்தத் தோட்டத்துத் துரை போர்டுக்குப் புகார்க் காகிதம் எழுதிவிட்டார். அந்த வாரமே சேர்மன் துரையின் அறையில் விசாரணை. மேசைக்கு அந்தப் பக்கம் துரையும் தலைமைக் கிராணியும். இந்தப் பக்கம் டிரைவர் அண்ணன், கையில் தொப்பியோடு. நடுவில், இருவருக்கும் மொழிபெயர்க்க, நான். வேறு ஆள் இல்லை. அதில் இருந்த அநியாயம் அந்த அறையில் யாருக்கும் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது. வாயைத் திறக்கவில்லை.

துரை சட்டத்தின் அந்த வரியை வாசித்துவிட்டு, புறப்படுமுன் கேட்டாயா என்றார். நான் அதைத் தமிழில் ஒழுங்காகவே சொன்னேன்.

"கேட்டேன் துரை" என்றார் அண்ணன். "ரெண்டு கல்லுமலை இருக்கு, எதுன்னு கேட்டேன். பக்கத்துல உள்ளதுன்னு கிராணி சொன்னாரு. அவுங்களே சொன்னாங்களான்னும் கேட்டேன். ஆமான்னாரு."

துரை என் முகத்தைப் பார்த்தார். அப்பா வாதம் வந்து படுத்திருந்தார், தங்கைக்கு வரன் பேசிக்கொண்டிருந்தோம், குடும்பத்துக்கு இருந்த நல்ல வேலை இது ஒன்றுதான். அதெல்லாம் காரணமாகாது என்று எனக்குத் தெரியும். பயந்தேன், அவ்வளவுதான். பக்கத்தில் இருந்த தோட்டம்தான் என்று தான் நினைத்ததாகச் சொல்கிறார், ஐயா, என்று இங்கிலீசில் சொன்னேன். அப்படியானால் இவன் கேட்கவில்லை என்றார் துரை. அது கேள்வியில்லை, தமக்குத் தாமே சொல்லிக்கொண்டு எழுதவும் தொடங்கிவிட்டார். இல்லை ஐயா, கேட்டார் என்று சொல்ல அப்போதும் நேரம் இருந்தது. துரை ஒரு வரி முழுக்க எழுதி, மை ஒற்றும் வரை நேரம் இருந்தது. நான் மேசையின் விளிம்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அண்ணனை வேலையிலிருந்து நீக்கினார்கள். அதையும் தமிழில் நான்தான் சொன்னேன். ஏழு நாளில் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். அவர் தொப்பியை மேசைமேல் வைத்துவிட்டு வெளியே போனார். ஏழு நாள் அவர் எடுத்துக்கொள்ளவில்லை. மூன்றாம் நாள் பாத்திரங்களும் பாயும் ஒரு கைவண்டியில் போயின. பின்னால் மூன்று பெண்களும் நடந்தார்கள். நான் ஆபீஸ் ஜன்னலுக்கு உள்ளேயே நின்றுகொண்டேன்.

அடுத்து நடந்ததுதான் எனக்கு விழுங்க முடியாதது. இப்படி இனி நடக்கக் கூடாது என்று, தோட்டங்களின் இங்கிலீசுப் பெயருக்கு நேரே தமிழ்ப் பெயரை எழுதி ஒரு பட்டியல் தயாரிக்கச் சொன்னார் துரை. ஒரு மாதம் தோட்டம் தோட்டமாக அலைந்து அதைச் செய்தேன். ஒரே பெயருள்ளவற்றுக்குப் பெரிய, சின்ன, ஆத்தோர என்று அடைமொழி கொடுத்து, டெலிபோனுக்குப் பக்கத்தில் சுவரில் ஒட்டினோம். பேசுகிறவர் வாயால் ஆமா, இல்ல என்று சொல்லும்வரை குழலை வைக்கக் கூடாது என்று ஒரு விதியும் சேர்த்தேன். அதற்குப் பிறகு காடி இடம் தவறிப் போனதில்லை. எத்தனையோ பேர் அதனால் பிழைத்தார்கள். அவர்களில் சிலரை எனக்கு முகம் தெரியும். போர்டின் வருஷ அறிக்கையில் அந்த ஏற்பாட்டைப் பாராட்டி எழுதியிருந்தது. எனக்குப் பதவி உயர்வும் வந்தது. தங்கை கலியாணம் நல்லபடி நடந்தது.

மூன்று வருஷம் கழித்து ஒரு கூட்டாளியின் கலியாணத்துக்காக ஹுத்தான் மெலிந்தாங் போயிருந்தேன். காலையில் படகுத்துறைப் பக்கம் நடந்தபோது, மீன்கூடை தூக்குகிறவர்களில் ஒரு குள்ளமான ஆளைக் கண்டேன். தோளில் சாக்கு, முட்டிவரை சேறு. திரும்பிப் போய்விடலாமா என்றுதான் முதலில் நினைத்தேன். அதற்குள் அவர் என்னைப் பார்த்துவிட்டார்.

"வா தம்பி. நல்லா இருக்கியா?"

போர்டு விரட்டிய டிரைவர் என்று தெரிந்தால் யாரும் காடியைக் கொடுப்பதில்லை என்று, நான் கேட்காமலே சொன்னார். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். அந்த மூன்று வருஷமும் மனத்துக்குள் சொல்லிப் பார்த்துவைத்திருந்ததைச் சொல்லத் தொடங்கினேன். அண்ணே, அன்னைக்குத் துரைகிட்ட நான், என்பதற்குமேல் வரவில்லை.

"தெரியும்" என்றார். "துரை வீட்டுல காரு கழுவினவன் நான். ஆஸ்க்குன்னா கேக்குறதுன்னு எனக்குத் தெரியாதா? துரை அத ரெண்டு வாட்டி சொன்னாரு. உன் வாயிலேர்ந்து அந்தச் சொல்லு வருமா வருமான்னு பார்த்துக்கிட்டே நின்னேன். வரல."

"அப்போ நீங்களே ஏண்ணே சொல்லல? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

இதைக் கேட்க எனக்கு எப்படி வாய் வந்தது என்று இன்றுவரை தெரியவில்லை. அவர் அடுத்த கூடையின் வளையத்தில் கையைக் கொடுத்து, தூக்குவதற்கு முன்னால் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"சொல்லத்தான் செஞ்சேன், தம்பி. அங்க எனக்கு வாயா நின்னது நீதானே."