ஒட்டுப்புல்

திருத்தங்கல் அருகே தரிசாகக் கிடக்கும் எங்கள் இரண்டு ஏக்கரை வீணான நிலம் என்றே நினைத்திருந்தேன். சிறுவயதில் அதில் ஓடிவிட்டு வந்தால் டவுசர் முழுக்க ஒட்டுப்புல் இருக்கும். அம்மா திட்டிக்கொண்டே ஒவ்வொன்றாக எடுப்பாள்.

போன ஆனியில் பக்கத்துப் பட்டாசு ஆலை போர்மேன் வந்தார். "அண்ணாச்சி, புல்லு காஞ்சு கிடக்கு. ஒரு பொறி பட்டா அம்புட்டுதான். வேலியோரம் அறுத்துவிடுங்க."

அறுக்கச் சோம்பல்பட்டு, டிராக்டரை விட்டு நிலம் முழுவதையும் உழுதேன். நெருஞ்சி, கொழுஞ்சி, ஆவாரை எல்லாம் வேரோடு போயின. நிலம் சுத்தமானதில் எனக்குப் பெருமை.

ஆடிக்காற்று பிடித்தது. உழுத புழுதி கிளம்பி, ஆலையில் காயவைத்திருந்த வெடிமருந்தின் மேல் விழுந்தது. மருந்தில் மணல் கலந்து உரசினால் தீப்பிடிக்கும். எல்லோரையும் வெளியேற்றிவிட்டுப் போர்மேன் என்னிடம் ஓடிவந்தார்.

"புல்ல அறுக்கச் சொன்னா மண்ணையே கிளப்பிவிட்டுட்டீகளே! முப்பது பேரு உள்ள இருந்தாக அண்ணாச்சி."

மண்ணை இத்தனை காலம் பிடித்து வைத்திருந்தது அந்தப் புல்தான் என்பது அப்போதுதான் உறைத்தது.

ஐப்பசி மழைக்குப் பின் முதலில் நெருஞ்சி வந்தது, பிறகு கொழுஞ்சி, கடைசியாகப் புல். இப்போது வேலியோரம் மட்டும் அரிவாளால் அறுக்கிறேன், வேரைத் தொடுவதில்லை. வீடு திரும்பியதும் வேட்டியிலிருந்து ஒட்டுப்புல்லை ஒவ்வொன்றாக எடுக்கிறேன். திட்டத்தான் அம்மா இல்லை.