ஒரு காமிக்ஸ், இரண்டு பாதி

நான் சொல்லப்போவதை ஒருவரும் நம்பமாட்டீர்கள்.

காமிக்ஸ் விலை சாமுண்டி மலையைத் தாண்டிவிட்டதால், நானும் ஹெப்பாள் ஃபேக்டரித் தோழன் முருகேசனும் இப்போது கூட்டாக ஒரே புத்தகம் வாங்குகிறோம். நடுவில் குத்திய பின்னைக் கழற்றி, கம்பெனி பஸ்ஸில் ஆளுக்குப் பாதி படித்து மாற்றிக்கொள்வோம்.

இன்று கடைக்காரர், "இனிமே தமிழ் காமிக்ஸ் வராது சார்" என்றார்.

"ஏன்?"

"நீங்க ரெண்டு பேர்தான் வாங்கிட்டிருந்தீங்க. இப்ப அதுவும் ஒண்ணாச்சு. ஒரே ஒரு புக்குக்கு மெட்ராஸ்ல யார் பார்சல் கட்டுவாங்க, ஹேளி சார், நீங்களே சொல்லுங்க?"

அக்கணமே எங்கள் ஊர் அரண்மனை விளக்குகள் அத்தனையும் அணைந்தன. தசரா யானைகள் தேம்பித் தேம்பி அழுதன.

பஸ்ஸில் கடைசிப் புத்தகத்தின் பின்னில் கை வைத்தேன். முருகேசன் தடுத்தான்.

"வேண்டாங்ணா. விலை கொல்லல. நாமதான் கொன்னுபோட்டோம்."

விளக்கும் யானையும் என் கைச்சரக்கு. முருகேசன் சொன்னது மட்டும் நிஜம்.

உங்கள் ஊரில் யாராவது இன்னும் முழுப் புத்தகமாக வாங்குகிறீர்களா?