துணியில் கட்டிய மயில்துத்தம்

அண்ணன் வேலை பார்த்த அம்பத்தூர் கம்பெனியின் கேட்டில் பூட்டுத் தொங்கியபோது நான் கெமிஸ்ட்ரி முதல் வருடம். காலேஜில் சேர்ந்த திமிரில் வீட்டில் எல்லோருக்கும் பாடம் எடுத்துக்கொண்டு திரிந்த நேரம் அது. அண்ணன் மட்டும் எதற்கும் காது கொடுக்கவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தான். சாப்பிடக் கூப்பிட்டால் எழுந்து வருவான், தட்டைக் கழுவி வைத்துவிட்டு மறுபடி படுப்பான். நூம்பலில் எங்களுடையது ஒரே அறையும் சமையல்கட்டும்தான். அதில் ஒரு ஆள் இப்படிக் கிடந்தால் மற்ற மூன்று பேரும் அவனைத் தாண்டித் தாண்டித்தான் நடமாட வேண்டும்.

அவனை எழுப்பி உட்கார வைத்தது இறால். ஏரி மடைப் பக்கம் குளிக்கப் போனவன் ஒருநாள் ஹார்லிக்ஸ் பாட்டிலில் தண்ணீரோடு வந்தான். உள்ளே பொடிப் பொடியாக ஏதோ நீந்தியது. உடம்பு கண்ணாடி மாதிரி. தின்றது உள்ளே இறங்குவதுகூடத் தெரிந்தது.

அம்மா பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "இன்னாடா இது, சென்னாங்குன்னியா? கொழம்பு வெச்சா ஒரு வாய்க்குப் பத்தாதே."

"துன்றதுக்கு இல்லம்மா. தொட்டி கட்டி வளக்கப் போறேன்."

மாதக்கணக்கில் அவன் அவ்வளவு நீளமாகப் பேசி நாங்கள் கேட்டதில்லை. அம்மா உடனே பாட்டிலைப் பத்திரமாக அலமாரியில் வைத்தாள்.

வேலப்பன்சாவடி கண்ணாடிக் கடையில் மிச்சம் விழுந்த துண்டுகளை வாங்கி அவனே தொட்டி ஒட்டினான். அடியில் ஆற்று மணல், அதில் ஏரியிலிருந்து பிடுங்கிய வேலம்பாசியும் நாடா மாதிரி நீண்டு வளரும் இன்னொரு செடியும். மேலே ஒரு டியூப்லைட், பக்கத்தில் காற்று விடும் சின்ன மோட்டார். காட்டுப்பாக்கத்தில் மீன் கடை வைத்திருந்தவர் வந்து பார்த்துவிட்டு, "இது தொட்டியிலயே குஞ்சு பொரிச்சுதுன்னா எட்தாந்து குடு தம்பி, மாசா மாசம் நான் எடுத்துக்கறேன்" என்றார். அதுதான் விஷயம். அண்ணனுக்கு மறுபடி ஒரு வேலை கிடைத்த மாதிரி. காலையில் ஆறு மணிக்கெல்லாம் எழுந்து, தலைவாரிக்கொண்டு, தொட்டி முன்னால் உட்கார ஆரம்பித்தான்.

அப்புறம் பச்சைப் பாசி வந்தது. முதலில் கண்ணாடியில் லேசாகப் புகை படிந்தாற்போல. பிறகு செடிகளின் மேல் நூல் நூலாக, தலைமுடி சிக்குப் போட்ட மாதிரி. நான் சும்மா இருப்பேனா?

"வெயிலு படுது, போதாத கொறைக்கு நாளு பூரா லைட்டு வேற. நீ அவிச்ச கீரைய வேற அள்ளிப் போடற. பாசி வராம பன்னீரா வரும்?" என்றேன்.

"வந்துட்டாரு புரபசரு" என்றான் அண்ணன். ஆனால் செய்தான். ஜன்னலுக்குப் பழைய போர்வையைக் கட்டினான். லைட்டை மாலையில் மட்டும் போட்டான். கீரையைக் குறைத்தான். தேய்ந்த டூத் பிரஷை உள்ளே விட்டு, நூடுல்ஸ் சுற்றுவது மாதிரி பாசியைச் சுருட்டிச் சுருட்டி எடுத்தான். பக்கெட்டில் பிடித்து வைத்த தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றினான். மிச்சத்தை இறால்கள் மேயும் என்று காத்திருந்தான். பாசி குறைவேனா என்றது. இன்று சுருட்டினால் நாலு நாளில் திரும்ப வந்து நின்றது.

அந்தச் சமயத்தில்தான் ஒரு இறாலின் வயிற்றுக்கு அடியில் முட்டை தெரிந்தது.

"டேய், இங்க வந்து பாரு. கடுகு கட்டிக்கினு கீது."

அம்மா கண்ணாடியில் மூக்கை வைத்துப் பார்த்தாள். "வளகாப்பு போட்றலாமா? இத்தினூண்டு கைக்கு வளையலுக்கு எங்க போறது?"

அண்ணன் சிரித்தான். சத்தமாக. வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த நைனா அந்தச் சத்தத்தைக் கேட்டு அப்படியே நின்றுவிட்டார். எங்கள் அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். அவர் அதிகம் பேசமாட்டார். நூம்பலில் கழனி இருந்தவரை அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டு, களை பறித்து, தண்ணீர் பாய்ச்சியவர். கழனியெல்லாம் பிளாட் ஆனதும் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பட்டறைக்கு ஹெல்பராகப் போனார். மூத்த மகன் சுவரைப் பார்த்துப் படுத்திருந்த நாளெல்லாம் அவனிடம் என்ன சொல்வது என்று தெரியாமல், வீட்டுக்குள் வந்ததும் ரேடியோவைத் திருகிக்கொண்டிருந்தார்.

பாசி மறுபடி ஏறியது. முட்டை பொரிக்கும் நேரத்தில் தொட்டியைக் கலக்கக் கூடாது என்று அண்ணன் பிரஷையும் விட்டுவிட்டான். முகம் தொங்கிப்போனது. நைனா தொட்டியை ஒருதடவை சுற்றி வந்தார். "இந்தப் பாசி கழனியில வர்றதுதாண்டா" என்றார். நாங்கள் யாரும் அதைக் காதில் வாங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நானும் அண்ணனும் காட்டுப்பாக்கம் கடைக்குப் போய், குஞ்சுகளை விட எப்படிப்பட்ட தொட்டி வேண்டும் என்று பேசிவிட்டு வந்தோம். சைக்கிளை மிதித்தபடி அண்ணன் வழியெல்லாம் பேசினான். இன்னும் இரண்டு தொட்டி. அப்புறம் வீட்டுப் பின்பக்கம் ஷெட். நான் பின்னால் கேரியரில் உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் கிண்டல் அடித்துக்கொண்டே வந்தேன்.

திங்கள் மதியம் நான் காலேஜிலிருந்து வந்தபோது அண்ணன் தொட்டி முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தான். மணல் மேல் இறால்கள் படுத்துக் கிடந்தன. கண்ணாடி உடம்பு போய், கொதி தண்ணீரில் போட்டு எடுத்த மாதிரி வெள்ளையும் சிவப்புமாக மாறியிருந்தன. முட்டைக்காரியும் அதில் இருந்தாள். காலையிலிருந்தே தொட்டிக்குள் கிறுக்குப் பிடித்த மாதிரி ஓடினவாம். பாசி மட்டும் ஓரமெல்லாம் வெளுக்க ஆரம்பித்திருந்தது.

அண்ணன் உள்ளங்கையை நீட்டினான். "செடிக்குப் பின்னாடி மூலையில தொங்கிக்கினு இருந்துது. இது இன்னாடா?"

சுண்டைக்காய் அளவில் ஒரு துணி முடிச்சு. ஈரத் துணி முழுக்க நீலம். லேபில் அந்த நீலத்தை வாரா வாரம் பார்க்கிறவன் நான்.

"காப்பர் சல்பேட்டுணா. மயில்துத்தம். வெசம்."

சொன்ன பிறகுதான் துணியைப் பார்த்தேன். நைனாவின் பழைய வேட்டிக் கிழிசல். நாங்கள் சின்னப் பையன்களாக இருந்தபோது அவர் பாசி பிடித்த கழனியில் இதேபோல மயில்துத்தத்தைத் துணியில் கட்டி, தண்ணீர் நுழையும் மடை வாயில் போட்டு வைப்பார். தண்ணீர் அதைத் தொட்டுக்கொண்டே வயலுக்குள் போகும். பாசி செத்துப்போகும். பயிர் பிழைத்துக்கொள்ளும். கழனியில் அது ரொம்பச் சரியான வேலை.

அண்ணனும் அந்த முடிச்சைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். எழுந்தான். அதை எடுத்த இடத்திலேயே, செடிக்குப் பின்னால், திரும்பக் கட்டித் தொங்கவிட்டான்.

"இன்னாணா பண்ற?"

"வாய மூடு."

செத்ததையெல்லாம் பொறுக்கி வாசல் கனகாம்பரச் செடிக்கடியில் புதைத்தான். மாலையில் நைனா வந்தார். செருப்போடு தொட்டிக்கு வந்தவர் முதலில் பாசியைத்தான் பார்த்தார்.

"வெளுக்குது பாத்தியா" என்று பின்னால் கைவிட்டு முடிச்சை வெளியே எடுத்துக் காட்டினார். அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை. "பூந்தமல்லி உரக்கடையில வாங்கியாந்தேன். உன்னாண்ட சொன்னா வாணாம்பன்னுதான் சொல்லல." பிறகு குனிந்து தேடினார். "எறால்லாம் எங்கடா?"

"செத்துப் போச்சு நைனா" என்றான் அண்ணன். "கரண்ட் போய்ட்ச்சு. காத்து மோட்டாரு நின்னு போய்ட்ச்சு."

நைனா கையிலிருந்த முடிச்சைப் பார்த்தார். "இதால ஒண்ணும் இல்லியே?"

"சே சே. அது பாசிக்குதான். இது கரண்ட்டு."

நைனா என் பக்கம் திரும்பினார். அண்ணனும் திரும்பினான். ஊருக்கெல்லாம் பாடம் எடுத்த வாய் எனக்கு. "கரண்ட்டுதான் நைனா" என்றேன்.

அன்றைக்கு அது சரியாகத்தான் பட்டது. அதற்குப் பிறகு என்ன வரும் என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. நைனா விடவில்லை. பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போதும், மழை வந்து ஏரி நிரம்பும்போதும், "தொட்டிய எடுடா பெரியவனே. கரண்ட்டு போனா நீ பாத்துக்க, பாசிய நான் பாத்துக்கறேன்" என்பார். அண்ணன் "பாக்கலாம் நைனா" என்பான். இன்னொரு தொட்டி வைத்தால் நைனா முடிச்சைக் கட்டுவார். தடுத்தால் காரணம் சொல்ல வேண்டும். அண்ணன் மெல்லத் திரும்பவும் சுவர்ப் பக்கம் போனான். தொட்டியில் அம்மா வெங்காயம் கொட்டி வைத்தாள்.

நான் ஃபைனல் இயர் படித்தபோது ஒரு ஞாயிறு. நைனா ஏரியிலிருந்து லுங்கியெல்லாம் சேறாக வந்தார். ஒரு கையில் தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் கவர், அதற்குள் இறால். இன்னொரு கையில் உரக்கடைப் பொட்டலம். வெங்காயத்தைக் கொட்டிவிட்டுத் தொட்டியை அவரே கழுவ உட்கார்ந்தார்.

அண்ணன் கவரை வாங்கிக்கொண்டான். பொட்டலத்தைப் பார்த்தான். "நைனா, ஓசூர்ல ஒரு வேல சொல்லிக்கீறாங்க. திங்கக்கெழம போறேன்" என்றான். தெரிந்தவர் ஒருவர் மாதக்கணக்காகக் கூப்பிட்டுக்கொண்டிருந்த வேலை. போகமாட்டேன், இங்கேயே ஏதாவது செய்கிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

நைனா கழுவுவதை நிறுத்தினார். "அப்ப இத யாரு பாத்துக்கறது?"

"ஏரியிலயே உட்டுட்டு வரோம்."

"செரி. இது கெடக்கட்டும். நீ திரும்பி வந்தா ஒதவும்" என்று பொட்டலத்தைப் பரண் மேல் வைத்தார்.

மடைக்குப் போகும் வழியில் நான் கேட்டேன். "இன்னிக்காவது சொல்லிட்டா இன்னாணா?"

"அன்னிக்கே சொல்லியிருந்தா ஒரு நாளு அழுதிருப்பாரு. இப்ப சொன்னா இத்தினி நாளுக்கும் சேத்து அழுவாருடா."

மடைக் கல்லில் உட்கார்ந்து கவரைத் தண்ணீருக்குள் அமிழ்த்தி வாயை அவிழ்த்தான். ஒவ்வொன்றாக வெளியே போயின. கடைசியாக ஒன்று மட்டும் கவரின் மூலையிலேயே நின்றது. அண்ணன் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான்.

"கடுகு கட்டிக்கினு கீது" என்றான். கொஞ்ச நேரம் அப்படியே வைத்துக்கொண்டிருந்தான். பிறகு கவரைக் கவிழ்த்தான்.